வாங்கியதைத் திருப்பித் தரும் பறவைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாயோ குளமோ இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளை நம் முன்னோர் இங்கே வெட்டி வைத்துச் சென்றிருக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை நிரம்பியதும் எங்கிருந்தோ நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் வந்து இறங்குகின்றன. கரையோரத்துக் கருவேல மரங்களும் புளிய மரங்களும் சில நாட்களிலேயே சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துவிடுகின்றன. அவற்றின் அடியில் நடந்து செல்பவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு விரைகிறார். மீன்பாசிக் குத்தகை எடுத்தவரோ தகர டப்பாவைத் தட்டுகிறார். வெடியைக் கொளுத்திப் போடுகிறார். மீன்குஞ்சை விலை கொடுத்து வாங்கி விட்டது தாம். தின்று கொழுப்பது நாரையா என்பது அவருடைய ஆதங்கம்.

அந்த ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கைப்பொருளைப் போட்டவருக்குத்தான் ஒவ்வொரு மீனின் அருமையும் தெரியும். ஆயினும், கணக்கு என்றால் பற்று, வரவு என இரண்டு பக்கம் உண்டு அல்லவா? பறவை எடுத்துச் செல்வதை நாம் பற்றுப் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். அது விட்டுச் செல்லும் எச்சத்தை எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. துடைத்துப் போடவேண்டிய அசுத்தம் என்று கருதி மறந்துவிடுகிறோம்.

அந்த மறந்துபோன வரவைக் கணக்கிட விஞ்ஞானிகள் உலகத்தின் தென்கோடிவரை சென்றிருக்கின்றனர். பனிக்கட்டி மிதக்கும் அண்டார்டிக்காக் கடலில் அவர்கள் கண்ட செய்தி, நம் ஊர்க் கண்மாய்க் கரைக்கும் பொருந்துவதாக இருக்கிறது.

இரத்தசோகை பிடித்த கடல்

பயிருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும் என்பதை உழவர் அனைவரும் அறிவர். கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளே கடலின் பயிர். சூரிய ஒளியைக் கொண்டு அவை உணவு சமைக்கின்றன. அவற்றைச் சிற்றுயிர்கள் உண்ண, சிற்றுயிர்களை மீனும் பறவையும் திமிங்கிலமும் உண்ணுகின்றன.

அண்டார்டிக்காவைச் சூழ்ந்த தென்கடலில் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏராளமாக உண்டு. கோடைக்காலத்தில் இரவிலும் மறையாத வெயிலும் உண்டு. எனினும் அந்தக் கடலின் பெரும்பரப்பில் நுண்பாசி செழிப்பதில்லை. உரமிட்ட வயலில் பயிர் சோனியாக நிற்பது போன்ற இந்தப் புதிர் நெடுங்காலம் அறிஞர்களை வாட்டியது.

புதிரை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் ஜான் மார்ட்டின் என்னும் அமெரிக்கக் கடலியல் அறிஞர். கடலுக்கு வேண்டியது இரும்பு என்றார் அவர். அவருக்கு முன்னரும் சிலர் இவ்வாறு ஐயுற்றது உண்டு. ஆனால் அளந்து காட்ட முடியவில்லை. இரும்புக் கப்பலில் சென்று, இரும்புக் கம்பியில் தொங்கவிட்ட கலத்தால் நீர் மொண்டால், கப்பலின் துருவே நீரில் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும் அல்லவா? மார்ட்டினும் அவருடைய துணைவர்களும் துருவும் தூசும் தீண்டாத முறையில் நீரை எடுத்து அளந்தனர். இரும்பு குறைவதால்தான் பசிபிக் கடலின் வடகிழக்குப் பகுதியில் நுண்பாசி வளராமல் நிற்கிறது என்று 1988இல் எழுதினர். தென்கடலின் புதிருக்கும் இதுவே விடை என்று மார்ட்டின் வாதிட்டார்.

எவ்வளவு குறைவு? நம் ஊர் அளவையில் சொல்வோம். 45 ஏக்கர் பரப்புள்ள ஒரு கண்மாயை ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 18 கோடி லிட்டர் நீர் நிற்கும். தென்கடலின் மேற்பரப்பில் சில இடங்களில் அத்தனை நீரிலும் கரைந்திருக்கும் இரும்பு ஒரே ஒரு கிராம்தான். ஒரு சிறிய ஆணியின் எடை அது.

கருவுற்ற தாய்க்குச் சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதை நாம் அறிவோம். வளர்ந்த மனிதர் உடலில் மொத்தமே மூன்று நான்கு கிராம் இரும்புதான் இருக்கிறது. அது குறைந்தால் முகம் வெளுக்கிறது, மூச்சு வாங்குகிறது. நுண்பாசிக்கும் அப்படியே. இரும்பு இல்லாமல் பச்சையம் உண்டாகாது. ஒளியைக் கொண்டு உணவு சமைக்கவும் இயலாது. இரும்பைப் போலவே மாங்கனீசு, துத்தநாகம், தாமிரம், கோபால்ட் ஆகிய உலோகங்களும் உயிர்களுக்குச் சிறிதளவு வேண்டும். நெல் வயலுக்குத் துத்தநாக சல்பேட் இடுகிறோமே, அந்த நுண்ணூட்டமே இது. சமையலுக்கு உப்பைப் போல, அளவில் சிறிது. ஆனால் இல்லாமல் முடியாது.

இருப்பது வேறு, கிடைப்பது வேறு

இங்கே ஒரு கேள்வி எழும். உலகத்தில் இரும்புக்கா பஞ்சம்? நம் மாவட்டத்துச் செம்மண்ணும் செம்புராங்கல்லும் சிவந்திருப்பதே இரும்பால்தானே?

உண்மை. ஆனால் இருப்பது வேறு, கிடைப்பது வேறு. சுண்ணாம்புத்தன்மை மிகுந்த நிலத்தில் நிலக்கடலை பயிரிட்டவர் இதை நன்கு அறிவர். மண்ணில் இரும்பு இருக்கும். ஆனால் வேரால் அதை எடுக்க முடியாது. இளம் இலைகள் மஞ்சளித்துப் போகும். அப்போது வேளாண்மை அலுவலர் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளிக்கச் சொல்கிறார். சில நாட்களில் பச்சை திரும்புகிறது.

கடலிலும் இதே நிலைதான். உயிர்வளி மிகுந்த கடல்நீரில் இரும்பு துருவாகிவிடுகிறது. துரு கரையாது, துகளாகித் திரண்டு அடியில் அமிழ்ந்துவிடும்.

கடலுக்கு அன்னபேதி தெளித்துப் பார்த்தால் என்ன? இந்தச் சோதனையையும் மனிதர் செய்து பார்த்துவிட்டனர். அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மன் நாட்டின் துருவ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் அட்லாண்டிக் கடலில் லோஹாஃபெக்ஸ் என்னும் சோதனையை நடத்தின. லோஹா என்பது இரும்பைக் குறிக்கும் இந்திச் சொல். போலார்ஸ்டெர்ன் என்னும் கப்பலிலிருந்து 300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடற்சுழலில் டன் கணக்கில் அன்னபேதியைக் கரைத்து விட்டனர். நிலக்கடலைச் செடிக்குத் தெளிக்கும் அதே உப்புத்தான்!

இரு வாரங்களில் நுண்பாசி இரு மடங்காயிற்று. ஆனால் அதனைத் தின்னச் சிற்றுயிர்கள் திரண்டன. பெருக்கம் அத்தோடு நின்றது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இவ்வழியாகக் கடலுக்குள் புதைத்துவிடலாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. எனினும் இரும்பு கிடைத்தால் கடற்பயிர் துளிர்க்கும் என்பது மீண்டும் ஒருமுறை உறுதியாயிற்று.

மனிதர் கப்பலேறிச் சென்று ஒருமுறை செய்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக, நாள் தவறாமல், கூலி கேட்காமல் செய்து வருகிறவர் அங்கே ஏற்கெனவே இருக்கின்றனர். அவர்களே கடற்பறவைகள்.

எச்சம் செய்யும் வேலை

நம் கடற்கரை ஊர்களில் கூனி என்னும் சின்னஞ்சிறு இறாலை உலர்த்தி விற்பதைப் பலரும் பார்த்திருப்பர். ஏறத்தாழ அதைப் போன்றதொரு சிற்றுயிர், கிரில் என்னும் பெயருடன், தென்கடலில் கணக்கில்லாத கூட்டங்களாகத் திரிகிறது. நுண்பாசியைத் தின்று, அதிலுள்ள இரும்பைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. அதன் இரத்தத்தில் தாமிரமும் உண்டு. நமக்கு இரும்பு செய்யும் பிராணவாயுவைச் சுமக்கும் தொழிலைக் கிரிலுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் தாமிரமே செய்கிறது.

இந்தக் கிரிலைப் பென்குவின் வயிறு நிறைய உண்கிறது. இறைச்சியும் கொழுப்பும் அதன் உடலில் தங்குகின்றன. இரும்போ தேவைக்கு மிக அதிகம். ஆகவே பெரும்பகுதி எச்சமாக வெளியேறுகிறது. பென்குவின் கூட்டம் வாழும் பாறைகள் எச்சம் படிந்து இளஞ்சிவப்பு நிறம் பெறுகின்றன. பனிப்பரப்பில் படிந்த எச்சக்கறையை மட்டும் அடையாளமாகக் கொண்டு, செயற்கைக்கோள் படங்களில் பேரரசப் பென்குவின்களின் புதிய குடியிருப்புகளைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2009இல் கண்டுபிடித்தனர் என்றால், எச்சத்தின் மிகுதியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நிகழ்வதே வியப்பு. பறவையின் எச்சத்தில் யூரிக் அமிலம், மணிச்சத்து, செரித்தும் செரியாமலும் போன கிரிலின் துணுக்குகள் ஆகியவை கலந்திருக்கின்றன. உருகும் பனிநீரும் மோதும் அலையும் அதனைக் கடலில் சேர்க்கின்றன. எளிதில் கரையும் பகுதி உடனே நீரில் கலக்கிறது. எஞ்சியதை நுண்கிருமிகள் சிறுகச் சிறுகச் சிதைத்து விடுவிக்கின்றன. பறவையின் வயிற்று அமிலத்தில் ஏற்கெனவே பதப்பட்ட இரும்பு, எச்சத்திலுள்ள கரிமப் பொருள்களோடு பிணைந்து நிற்கிறது. கூட்டத்தில் குழந்தையின் கையைத் தாய் விடாமல் பற்றியிருப்பதுபோல் அப்பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்கின்றன. துருவாகி அமிழ்ந்துபோகாமல் அது நீரிலேயே தங்குகிறது; நுண்பாசிக்கு எட்டும் நிலையில் கிடைக்கிறது. நியூசிலாந்து ஆய்வாளர்கள் கடற்பறவை எச்சத்தைத் தென்கடல் நீரில் கலந்து பார்த்துத் தம் முடிவுகளை 2016இல் வெளியிட்டனர். எச்சம் சேர்ந்த நீரில் நுண்பாசி நன்கு வளர்ந்தது.

2023இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குத் தொகை கூறியது. தாடையின் கீழ் கறுப்புக் கோடு உடைய ஒருவகைப் பென்குவினின் எச்சத்தை ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். ஒரு கிராம் எச்சத்தில் ஏறத்தாழ மூன்று மில்லிகிராம் இரும்பு இருந்தது. முன்னர் சொன்ன 45 ஏக்கர் கண்மாயின் கணக்கை நினைவுகூருங்கள். அத்தனை நீரிலும் உள்ள ஒரு கிராம் இரும்பு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிலோ எச்சத்தில் அடங்கிவிடுகிறது! அந்த ஓர் இனப் பென்குவின் மட்டும் ஆண்டுதோறும் 521 டன் இரும்பைக் கடலுக்குத் திருப்பித் தருவதாக அவர்கள் கணித்தனர்.

அதே ஆய்வு ஒரு துயரச் செய்தியையும் சொன்னது. 1980களிலிருந்து அந்தப் பென்குவின்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. கடல் பெற்றுவந்த இரும்பும் அவ்வாறே பாதியாகிவிட்டது.

தின்றவன் போனால் தீனியும் போகும்

திமிங்கிலத்தின் கதை இதனினும் பெரிது. 20ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெருந்திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன. கிரிலைத் தின்னும் திமிங்கிலம் ஒழிந்தால் கிரில் பெருகிவிடும் என்றே பலர் எண்ணினர். குத்தகைக்காரரின் கணக்கும் இதுதான்: நாரை போனால் மீன் மிஞ்சும்.

கிரில் அவ்வாறு பெருகிவிடவில்லை. பல பகுதிகளில் குறைந்தே போயிற்று. கடல் வெப்பமடைவதும் பனி உருகுவதும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆயினும் 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மற்றொரு காரணத்தையும் சுட்டினர். திமிங்கிலத்தின் கழிவில் இரும்பின் செறிவு, சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு என்று அவர்கள் கண்டனர். தின்றவன் கழித்த இரும்பில் பாசி வளர்ந்தது. பாசியில் கிரில் வளர்ந்தது. தின்றவனை நாம் கொன்றபோது தீனி விளையும் வயலுக்கு உரம் இடுபவனையும் சேர்த்துக் கொன்றுவிட்டோம்.

வேடந்தாங்கலும் கொள்ளுக்குடிப்பட்டியும்

இந்த உண்மையை உணர நம் நாட்டு உழவருக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள்மூக்கன் முதலிய பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்தால் நெல் செழிக்கிறது என்று அவ்வூரார் கண்டுகொண்டனர். பறவைகளைச் சுட எவரையும் அவர்கள் விடவில்லை. கும்பினி ஆட்சிக் காலத்தில், 1798இல், கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் அந்த உரிமையை எழுத்து வடிவில் பெற்றனர். கோட்டை கட்டவும் கப்பம் வாங்கவும் சாசனம் பெற்ற காலத்தில், கொக்கைக் காக்கச் சாசனம் பெற்ற ஊர் அது!

நமக்கு இன்னும் அருகில், சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நம் பொன்னமராவதிப் பக்கத்தார்க்கு அயலூர்தான். பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என மூன்று கண்மாய்கள் சேர்ந்த இடம் அது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவ்வூர் மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கூட்டிலிருக்கும் குஞ்சு அஞ்சும் என்பதற்காகப் பிள்ளைகளே தங்கள் ஆசையை அடக்கிக்கொள்கின்றனர். வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்கிப் பாராட்டுவதும் உண்டு.

ஒரு வேறுபாட்டை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். துருவக்கடலில் குறைவது இரும்பு. நம் கண்மாயில் இரும்புக்குக் குறைவில்லை; இங்கே எச்சம் தருவது பெரும்பாலும் தழைச்சத்தும் மணிச்சத்தும். மேலும், ஒரே கண்மாயில் தின்று அதே கண்மாயில் எச்சமிட்டால் இருந்ததே சுழலும். புதிதாக வரவு இல்லை. ஆனால் நாரைகள் அவ்வாறு வாழ்வதில்லை. பகலெல்லாம் சுற்றியுள்ள ஊர்களின் வயல்களிலும் குட்டைகளிலும் நத்தையும் நண்டும் தவளையும் மீனும் தேடிவிட்டு, மாலையில் தாம் அடையும் மரத்துக்குத் திரும்புகின்றன. பல ஊரில் சிதறிக்கிடந்த சத்தை ஓரூர்க் கண்மாயில் கொண்டுவந்து சேர்க்கின்றன. கோடையில் வண்டல் அள்ளி வயலில் கொட்டும் உழவர், அதில் பறவையின் உழைப்பையும் சேர்த்தே அள்ளுகிறார்.

கொடுத்ததைத்தான் திருப்பித் தரும்

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பறவை நல்லதை மட்டும் பொறுக்கிச் சுமப்பதில்லை. கடலில் நஞ்சிருந்தால் நஞ்சையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

கனடா நாட்டின் வடகோடியில் டெவன் தீவு என்று ஒன்று உண்டு. ஆலையோ வயலோ இல்லாத பனிநிலம். அங்கே கடற்பறவைகள் கூடு கட்டும் செங்குத்துப் பாறைகளின் கீழுள்ள குட்டைகளை ஆய்ந்து 2005இல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. பறவைகள் அண்டாத குட்டைகளைவிட அங்கே பாதரசம் 25 மடங்கு, டி.டி.டி. பூச்சிமருந்து 60 மடங்கு. எங்கோ ஒரு நாட்டில் வயலில் தெளித்த மருந்தும் சிம்னியில் பறந்த பாதரசமும் காற்றிலும் கடலிலும் சென்று, மீனில் ஏறி, பறவையில் ஏறி, மனிதர் காலடி படாத குட்டையில் போய் இறங்கியிருந்தன.

எச்சம் ஒரு வரலாற்று ஏடாகவும் விளங்குகிறது. அண்டார்டிக்காத் தீவொன்றின் ஏரிச்சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்த எச்சத்தின் தாமிரம், துத்தநாகம், மணிச்சத்து முதலியவற்றை அளந்து, 3,000 ஆண்டுகளில் அங்கே பென்குவின் எப்போது பெருகிற்று, எப்போது குறைந்தது என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எழுதினர். நம் கண்மாய்ச் சேறும் அத்தகைய ஏடுதான். நம் காலத்து அடுக்கில் என்ன எழுதப்பட வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. தீர்ந்துபோன பேட்டரியையும் காலியான பூச்சிமருந்துப் புட்டியையும் கண்மாய்க்குள் எறிகிறோமே, அவையும் எழுத்தாகவே பதிகின்றன. மீனுக்குள் சென்றது பறவைக்கு மட்டுமன்றி, நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கும் வரும்.

கணக்கை முடிக்கும் முன்

மீண்டும் நம் கண்மாய்க் கரைக்கே வருவோம். குத்தகைக்காரரின் இழப்பு பொய்யன்று. மிகுதியான எச்சத்தால் மரம் பட்டுப்போவதும், சிறு குட்டையில் நீர் பாசிபிடித்து நாறுவதும் உண்டு. எல்லா ஊரும் வேடந்தாங்கல் ஆகவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஊர்ப் பொதுவில் பேசி முடிவுசெய்ய வேண்டிய செய்திகள் சில உண்டு. மீன்குஞ்சு சிறிதாக இருக்கும் நாட்களில் அதனைத் தனியாக வலைகட்டிக் காப்பது ஒன்று. பறவை அடையும் மரத்தை ஏலத்தில் விடாமல் நிறுத்திவைப்பது மற்றொன்று. கூடும் குஞ்சும் இருக்கும் மாதங்களில் வெடியை மறப்பது மூன்றாவது. குத்தகைத் தொகையை முடிவுசெய்யும்போது நாரைக்குப் போகும் பங்கையும் ஊர் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டால், இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விடியாது. எச்சத்தின் பயனை ஊர் முழுவதும் பெறுகிறது. அதற்கான விலையை ஒருவர் மட்டும் கொடுப்பது எப்படி நீதியாகும்?

நம் வீட்டுப் பிள்ளைகளை ஒரு மாலை கண்மாய்க் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டமாக வந்து மரத்தில் இறங்கும் நாரைகளைக் காட்டுங்கள். அவர்கள் தலையில் எச்சம் விழுந்தால் கழுவிவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். அது எந்த ஊர் வயலிலிருந்தோ நம் ஊருக்கு வந்து சேர்ந்த வரவு.